நீர் மாறி வந்த விருந்தாளிகள்

ஒரு சனிக்கிழமை விடியற்காலையை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். கொழும்பிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த பஸ் வண்டி கல்முனையில் வந்து நிற்கின்றது. மூட்டை முடிச்சுகளுக்கிடையே ஒரு வெண்ணிற ரெஜிபோம் பெட்டியும் இறங்குகின்றது. அதனைப் பெற்றுக்கொண்ட மாணவன், கைக்குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்தபடி, கிட்டங்கிப் பாலத்தைக் கடந்து, இருமருங்கும் வயல் விரிந்த பாதை வழியே சொறிக்கல்முனையிலுள்ள தன் வீட்டை அடைகின்றான். பெட்டிக்குள்ளே பொலித்தீன் பைகள்; பைகளுக்குள்ளே பன்னிரண்டு வண்ண மீன்கள். பல மாதங்களாகச் சேர்த்த பணத்தில் வாங்கியவை.

வீடு முழுதும் கூடிவிடுகின்றது. "பாவம், இரவிரவாய் மூச்சு முட்டிக் கிடந்திருக்கும். வாயை அவிழ்த்து விடு தம்பி, கொஞ்சம் காற்றுப் படட்டும்" என்கிறார் அம்மம்மா. பைகளின் வாய் அவிழ்க்கப்பட்டு, அவை யன்னலோரம் வைக்கப்படுகின்றன. அதற்குள் மாணவன் புதுத் தொட்டியைக் கழுவிக் குழாய்நீர் நிரப்புகின்றான். ஒரு மணி நேரம் கழிகின்றது. பின்னர் மீனும் நீருமாக எல்லாம் தொட்டியிற் கவிழ்க்கப்படுகின்றன. அன்று மாலையே மூன்று மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மறுநாட் காலையில் ஐந்து மிதக்கின்றன. ஒரு வாரத்துள் எஞ்சியவை இரண்டே இரண்டு.

"கண்ணூறு பட்டுவிட்டது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். "கடைக்காரன் நோய் மீனை அனுப்பிவிட்டான்" என்று இளையவர்கள் சொல்வார்கள். சில வேளைகளில் இரண்டாவது காரணம் மெய்யாக இருத்தலும் கூடும். ஆயினும் பெரும்பாலான வீடுகளில் மீன்களைக் கொன்றது பகையன்று, நோயன்று; அன்பினாற் செய்யப்பட்ட அந்த ஒரு மணி நேர உபசாரமே. அஃது எவ்வாறு என்பதை விளங்கிக்கொண்டால், அடுத்த பெட்டி வரும்போது ஓர் உயிரும் வீணாகாது.

கப்பலிலும் விமானத்திலும் வந்த மீன்கள்

வேற்று நாட்டு மீன்களை வீட்டிலே வளர்க்கும் ஆசை புதியதன்று. 1853ஆம் ஆண்டில் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கென மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1869ஆம் ஆண்டளவில் கீழ்த்திசையின் 'சொர்க்க மீன்' கப்பலேறிப் பிரான்சு சென்று பாரிஸ் மக்களை வியக்கவைத்தது. 1909ஆம் ஆண்டிலே சென்னைக் கடற்கரையிலும் ஒரு மீன் காட்சியகம் எழுந்தது.

அக்காலத்தில் மீன்கள் தகரப் பாத்திரங்களில் வந்தன. கடற்பயணம் வாரக்கணக்கில் நீளும். வழியில் நீர் மாற்றவும் பாத்திரத்துள் காற்றை ஊட்டவும் ஆள் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொலித்தீன் பையும் சரக்கு விமானமும் வந்ததும் நிலைமை மாறிற்று. பையின் மூன்றிலொரு பங்கு நீர், ஏனைய பங்கு பிராணவாயு. வாயை இறுகக் கட்டிப் பெட்டியில் அடுக்கினால் ஒரு நாளுக்கு மேலும் மீன் உயிரோடிருக்கும். வழியில் நீர் அழுக்காகாதபடி, அனுப்புவதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னரே மீன்களுக்கு உணவு நிறுத்தப்படும். ஆகவே, இறுகக் கட்டிய பைக்குள் மீன் மூச்சு முட்டிக் கிடக்கின்றது என்ற இரக்கம் பெரும்பாலும் வீணானதே. முறையாகக் கட்டப்பட்ட பையிற் பிராணவாயுவுக்குக் குறைவில்லை. குறை வேறோரிடத்தில் உள்ளது.

பைக்குள் நிகழ்வது என்ன?

மீனும் நம்மைப்போலவே பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகின்றது. இறுகக் கட்டிய பையிலிருந்து அவ்வாயு வெளியேற வழியில்லை. அது நீரிற் கரைந்து நீரைப் புளிப்பாக்குகின்றது, அஃதாவது அமிலத்தன்மை ஏறுகின்றது. நீரின் அமிலத்தையும் காரத்தையும் அளக்க விஞ்ஞானிகள் 'பீ.எச்.' என்னும் அளவைக் கையாள்கின்றனர். 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நெடும் பிரயாணத்தின் முடிவிற் பைநீரின் பீ.எச். 6 அளவுக்கு இறங்கிவிடுவதுண்டு.

மீன் இன்னொரு பொருளையும் வெளிவிடுகின்றது. அதுவே அமோனியா. நமது உடலில் உண்டாகும் இத்தகைய கழிவு யூரியாவாக மாறிச் சிறுநீரோடு போகின்றது. மீனோ அதனைப் பெரும்பாலும் செவுள் வழியே அப்படியே நீரிற் கழித்துவிடுகின்றது. ஆற்றிலும் வாவியிலும் அது பரவிக் கரைந்துவிடும். பைக்குள்ளே போவதற்கு இடமேது? மணிக்கு மணி அது சேர்ந்துகொண்டே வரும்.

இங்கேதான் இயற்கையின் ஒரு விந்தை இருக்கின்றது. அமோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று மீனுக்கு அதிகந் தீங்கிழைக்காத வடிவம். அதற்கு அமோனியம் என்று பெயர். மற்றையது செவுளைத் தீய்க்கும் கொடிய நஞ்சு. எந்த வடிவம் எவ்வளவு என்பதை முடிவுசெய்வது முக்கியமாக நீரின் பீ.எச். அளவே. 25 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரிற் பத்தாயிரம் பங்கு அமோனியா இருப்பதாகக் கொள்வோம். பீ.எச். 6 ஆயின் அதில் நச்சு வடிவம் ஏறக்குறைய 6 பங்கு மாத்திரமே. பீ.எச். 7 ஆயின் 57 பங்கு. பீ.எச். 8 ஆயின் 500 பங்குக்கும் மேல். ஒவ்வொரு படி ஏறும்போதும் நஞ்சு ஏறத்தாழப் பத்து மடங்காகின்றது.

மீன் வெளிவிட்ட கரியமில வாயுவே நீரைப் புளிக்கச் செய்து, மீன் வெளிவிட்ட அமோனியாவின் நஞ்சை அடக்கி வைத்திருக்கின்றது. பை கட்டியிருக்கும்வரை இந்தச் சமாதானம் நிலைக்கும். வாயை அவிழ்த்து யன்னலோரம் வைத்தவுடன் கரியமில வாயு மெல்ல வெளியேறுகின்றது, பீ.எச். ஏறுகின்றது, அடங்கிக் கிடந்த அமோனியா நஞ்சாக விழிக்கின்றது. பைக்குட் காற்றுக்குழாயை வைத்துக் குமிழி விட்டாலோ இம்மாற்றம் இன்னும் விரைவாகும். அம்மம்மா காட்டிய கருணை இவ்விதமாகவே மீனுக்கு விஷமாய் முடிந்தது. இரவெல்லாம் பைக்குள் நீந்திய மீன், பை திறந்த பின்னரே ஆபத்துக்குள்ளாயிற்று.

கிட்டிய பயணமும் எட்டிய பயணமும்

பழைய மீன் வளர்ப்பாளர் பலர், "பைநீரோடு தொட்டி நீரைச் சிறுகச் சிறுகக் கலந்து ஒரு மணி நேரம் பழக்க வேண்டும்" என்று சொல்லிவந்தார்கள். அம்முறை பிழையானதன்று, ஆனால் அதற்குரிய இடம் வேறு. கல்முனைக் கடையொன்றில் மீன் வாங்கி, அரைமணி நேரத்தில் வீடு சேர்ந்தால், பைநீரில் அமோனியா சேரக் காலம் போதாது. அப்போது ஐந்து நிமிடத்துக்கொரு முறை ஒரு கோப்பை வீதம் தொட்டி நீரைக் கலந்து, முக்கால் மணி நேரத்தில் மீனை மாற்றுவது நலமே.

இரவு முழுதும் பயணஞ் செய்த மீனுக்கோ இம்முறை பொருந்தாது. அதனைத் தன் கழிவு நீரிலேயே வைத்துப் பழக்குவது, புகை சூழ்ந்த அறையிலிருந்து வந்தவரை வாசலிலேயே புகையில் நிறுத்திவைத்து நலம் விசாரிப்பதற்கு ஒப்பாகும். அதனை அந்நீரிலிருந்து விரைவில் மீட்க வேண்டும். ஆனால் மீட்டு விடும் நீர் அதற்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். ஆகவே, மீனைத் தொட்டிக்குப் பழக்குவதைவிடத் தொட்டியை மீனுக்குப் பழக்கி வைப்பதே அறிவுடைமை. வேலை முழுதும் பெட்டி வருமுன்னரே முடிந்திருக்க வேண்டும்.

எல்லா நீரும் ஒரே நீரா?

"தண்ணீர் தண்ணீர்தானே!" என்று நாம் எண்ணுகின்றோம். கிழக்குக் கரையோர மக்களுக்கு இதனை அதிகம் விளக்கவேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்து திரும்பியபோது, கரையோரக் கிணறுகள் பல ஒரே காலையில் உவர்நீராயின. கண்ணுக்கு முன்போலவே தோன்றிய அந்நீரை வாயில் வைக்க முடியவில்லை. நீரின் குணம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதை அன்று பலர் அறிந்துகொண்டனர்.

நன்னீர் மீனின் இரத்தத்தில், அதனைச் சூழ்ந்துள்ள நீரில் இருப்பதைக் காட்டிலும் உப்பு அதிகம். ஆகவே நீர் இடைவிடாது உடலுக்குட் புகுகின்றது. உடலின் உப்போ வெளியே கசிகின்றது. புகுந்த நீரைச் சிறுநீரகம் வெளியேற்றுகின்றது. இழந்த உப்பைச் செவுள் மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றது. ஒவ்வொரு கணமும் நிகழும் இவ்வுழைப்பு, அந்தந்த நீருக்கு ஏற்பத் திருத்தி அமைக்கப்பட்டது. நீரின் குணம் திடீரென மாறினால், அதைச் சரிப்படுத்த மீனுக்கு மணிக்கணக்கும் நாட்கணக்கும் தேவை.

நமது மட்டக்களப்பு வாவியைப் பாருங்கள். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவி கல்முனைப் பக்கம்வரை நீண்டு கிடக்கின்றது. மாரியில் மழைவெள்ளம் நிறைந்து உப்புக் குறையும். கோடையில் உப்பு ஏறும். அங்கு வாழும் மீன்கள் மடிவதில்லையே என்று கேட்கலாம். அவற்றிற் பல இம்மாற்றத்துக்கென்றே அமைந்த இனங்கள். அன்றியும் வாவியின் மாற்றம் மெதுவாக வருகின்றது. பிடிக்காத நீரை விட்டு மீன் விலகிச் செல்லவும் இடமிருக்கின்றது. கண்ணாடித் தொட்டிக்கு நான்கே சுவர்கள். அங்கு மீனுக்குப் பதிலாக நாமே யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டு மீன்களுக்கு மாத்திரம் உரியதன்று இப்பிரச்சினை. உலகெங்கும் தொட்டிகளிற் காணப்படும் 'செரி பார்ப்' என்னும் சிவந்த சிறு மீன், இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்துக்கே உரியது. 1929ஆம் ஆண்டிலே பி. ஈ. பி. தெரணியகல என்னும் இலங்கை விஞ்ஞானி அதனை விவரித்து விஞ்ஞானப் பெயர் சூட்டினார். மரநிழல் கவிந்த சிற்றோடைகளே அதன் பிறந்தகம். அங்குள்ள நீர் குளிர்ந்தது, மென்மையானது, சற்றே அமிலத்தன்மை வாய்ந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நமது கரையோரத்துக் கிணற்று நீரில் அதனை விடுவோமாயின், சொந்த நாட்டிலேயே அஃது அந்நியன்தான்.

பெட்டி வருமுன்

தொட்டி ஆயத்தத்தை மீன் வருவதற்குப் பல வாரங்கள் முன்னரே தொடங்க வேண்டும். புதுத் தொட்டியின் பெருங்குறை, அதிலே நுண்ணுயிர்கள் இல்லாமைதான். வடிகட்டியின் பஞ்சிலும் அடியிலுள்ள கல்லிலும் குடியேறும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்று என்னும் பொருளாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறு பற்றீரியாக்கள் அதனைப் பெரிதும் தீங்கற்ற நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இவை போதியளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் செல்லும். நீரை நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, மீனில்லாமலே நாளொன்றுக்குச் சிறிதளவு மீனுணவை இட்டுவந்தால் அது அழுகி இப்பற்றீரியாக்களுக்கு இரையாகும். நோயற்ற பழைய தொட்டியொன்றின் வடிகட்டிப் பஞ்சு நண்பரிடமிருந்து கிடைத்தால் காலம் இன்னும் சுருங்கும். முதல் நாள் தப்பிய மீன்கள் இரண்டாம் வாரத்தில் மடிவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஆயத்தம் இல்லாமையே.

குழாய்நீரைப் பயன்படுத்துவோர் அதிலுள்ள குளோரினை மறத்தலாகாது. நம்முடைய நன்மைக்காகக் கலக்கப்படும் அப்பொருள் மீனின் செவுளையும் நற்பற்றீரியாக்களையும் அழிக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் காற்றோட்டத்தில் வைத்தாற் குளோரின் பெரும்பாலும் நீங்கும். கடைகளிற் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தையும் குறிப்பிட்ட அளவிற் சேர்க்கலாம். கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் அதன் பீ.எச்., கடினத்தன்மை இரண்டையும் பரிசோதனைத் தாளினால் அறிந்துகொள்வது நல்லது.

மீன் அனுப்புபவரிடம் ஒரு கேள்வி கேட்டு வைத்தல் அவசியம்: "உங்கள் தொட்டி நீரின் பீ.எச். என்ன? வெப்பம் என்ன? கடினமான நீரா, மென்மையான நீரா?" பதிலுக்கேற்ப நமது நீரைத் திருத்தலாம். கடின நீரை மென்மையாக்க, சுத்தமான பீலியில் இறங்கிய மாரி மழைநீரைக் கலக்கலாம். மழை தொடங்கிக் கூரை நன்கு கழுவப்பட்ட பின் பிடித்த நீராக இருக்கட்டும். நாட்டு வாதுமையின் உலர்ந்த சருகுகள் ஒன்றிரண்டை இட்டால் நீர் தேயிலைச் சாயம் பெற்றுச் சிறிதளவு அமிலமாகும். ஈரவலயத்து மீன்களுக்கு அஃது உகந்தது. இவையெல்லாம் மீன் வருவதற்குச் சில நாட்கள் முன்னரே செய்யப்பட்டு, நீர் ஒரு நிலைக்கு வந்திருத்தல் வேண்டும்.

பெட்டி வந்தபின்

பெட்டியை வெயிலில் வைக்கலாகாது. வீட்டுக்குட் கொண்டுவந்து, அறை வெளிச்சத்தைக் குறைத்த பின்னர் மெல்லத் திறவுங்கள். இருளிலிருந்த மீனுக்குத் திடீர் வெளிச்சம் பேரதிர்ச்சி.

பைகளை அவிழ்க்காமல், கட்டியபடியே தொட்டி நீரின் மேல் மிதக்க விடுங்கள். பதினைந்து இருபது நிமிடங்களில் பைநீரின் வெப்பமும் தொட்டி நீரின் வெப்பமும் ஒன்றாகிவிடும். மலைநாட்டுக் குளிரையும் சமவெளிப் புழுக்கத்தையும் ஓரிரவிற் கண்டுவந்த மீனுக்கு இது மிக அவசியம். வெப்பமானியொன்று இருந்தாற் பையின் புறத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதன் பின் ஒரு பையை மாத்திரம் திறவுங்கள். திறந்த பையை வைத்துக் காத்திருத்தல் கூடாது. ஒரு வாளியின் மேல் மென்மையான வலையைப் பிடித்துப் பைநீரை வடித்து, மீனை உடனே தொட்டியில் விடுங்கள். பைநீர் ஒரு துளியும் தொட்டியிற் சேரலாகாது. அதில் அமோனியாவும் இருக்கும், நோய்க்கிருமியும் இருக்கக்கூடும். முதற் பை முடிந்த பின்னரே அடுத்த பை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இங்கே பதறவும் கூடாது, தாமதிக்கவும் கூடாது.

அன்று முழுதும் விளக்கை ஏற்ற வேண்டாம். உணவும் இட வேண்டாம். "பசித்திருக்குமே!" என்று வீட்டார் இரங்குவர். களைத்த மீன் உண்ணாது விட்ட உணவு அழுகி அமோனியாவாகவே மாறும். மறுநாள் இரண்டு நிமிடங்களில் உண்டு முடிக்கக்கூடிய சிறிதளவு போதும்.

ஏற்கனவே வேறு மீன்கள் உள்ள வீடானால், புதிய மீன்களை இரண்டு முதல் நான்கு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். உடலில் உப்புத் தூவியதுபோல வெண்புள்ளிகள் தோன்றுவது ஒரு பொதுவான ஒட்டுண்ணி நோயின் அடையாளம். பயணத்தாற் பலமிழந்த மீன்களை அது எளிதிற் பற்றும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து பரவும். தனித் தொட்டியிற் கண்டால் மருந்திட்டுக் காக்கலாம். பொதுத் தொட்டியிற் கண்டால் எல்லாமே ஆபத்துக்குள்ளாகும்.

இன்னொன்று: 25 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 8 மில்லிகிராம் பிராணவாயுவையே கரைத்து வைத்திருக்கும், வெப்பம் ஏற ஏற அதுவும் குறையும். ஆகவே சிறு தொட்டியிற் பல மீன்களை அடைத்தல் கூடாது. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை நாம் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் நின்று காற்றுப் பம்பி ஓய்ந்தால், ஒரு கோப்பையால் நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருங்கள். ஒரு சிறுவனின் கை அன்று பம்பியின் வேலையைச் செய்துவிடும்.

வாவிக்கு ஒரு கடமை

வளர்ப்பதிற் சலித்தவர்கள், "உயிரைக் கொல்வானேன்?" என்று மீன்களை வாவியிலோ குளத்திலோ விட்டுவிடுவதுண்டு. இதுவும் கருணையின் வடிவிலே வரும் பிழைதான். தொட்டியின் பாசியைத் தின்பதற்கென்று வாங்கப்படும் 'டாங்க் கிளீனர்' மீன் இவ்வாறு இலங்கையின் நீர்நிலைகள் சிலவற்றிற் புகுந்து பெருகியிருக்கின்றது. கத்தி வடிவான ஓர் அந்நிய மீனும் அவ்வாறே புகுந்து, நாட்டு மீன்களை இரையாக்குகின்றது. தோணியும் வலையுமாக வாவியை நம்பி வாழும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! மாரி வெள்ளம் கிட்டங்கியை மூடிப் பாயும் நாட்களில் வாய்க்காலுக்கும் வாவிக்கும் வேறுபாடில்லை. ஆகையால் வேண்டாத மீனை இன்னொரு வளர்ப்பாளருக்குக் கொடுங்கள். பைநீரையும் வாய்க்காலில் ஊற்றாது நிலத்தில் ஊற்றுங்கள்.

மாணவ மணிகளே! அடுத்த பெட்டிக்குப் பணம் சேர்க்கத் தொடங்குமுன் தொட்டியைச் சேர்த்துவிடுங்கள். வெறும் நீரும் கல்லும் செடியுமாக ஒரு மாதம் கிடக்கும் தொட்டியைக் கண்டு நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். விருந்தாளி வாசலுக்கு வந்தபின் அடுப்பு மூட்டும் வழக்கம் நம் பக்கத்து வீடுகளில் இல்லை. அம்மம்மாவிடமும் பையை ஏன் திறந்து வைக்கலாகாது என்பதை ஆறுதலாக எடுத்துச் சொல்லுங்கள். அவருடைய இரக்கம் நல்லதே. அதற்குச் சற்று அறிவையும் துணை சேர்த்தால், மறுநாட் காலையிற் பன்னிரண்டு மீன்களையும் எண்ணிக் கணக்குச் சொல்லும் முதல் ஆளாக அவரே தொட்டியருகில் நிற்பார்.